அவள் மரம், இவள் கொடி

திங்கட்கிழமை காலையில் சுல்மா வகாஃப்ளோர் முற்றத்தில் உட்கார்ந்து மண் ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கல்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தொப்பி எழுந்தது. தொப்பிக்குக் கீழே பெர்னார்தா தாசாவின் முகம். பக்கத்துத் தோட்டக்காரி. சுல்மா ஊர் திரும்பி இரண்டு வருடத்தில் அந்த முகம் அவளோடு பேசியது மூன்று முறை இருக்கலாம். அதில் ஒன்று தும்மல்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை க்ரோவர் மெஷின் ரம்பத்தோட வர்றான். பதினாலு மரத்தையும் எடுக்கப் போறேன். உன் கொடியை நீ அவுத்து எடுத்துக்கோ," என்றாள் பெர்னார்தா. பதிலுக்குக் காத்திருக்காமல் தொப்பி இறங்கிவிட்டது.

அவிழ்த்து எடுத்துக்கொள்ள அது என்ன தலைமுடிப் பின்னலா? ஒவ்வொரு கொடியும் மனுஷன் தொடை பருமன். மரத்தை இரண்டு சுற்று சுற்றி, கிளைக்குக் கிளை தாவி, உச்சியில் போய் அடுத்த மரத்துக் கொடியோடு கை கோத்து நிற்கிறது. மரம் விழுந்தால் கொடியும் விழும். சுல்மா கழுவிய ஜாடியையே மறுபடி கழுவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மற்ற ஊர்க்காரர்கள் திராட்சையைக் கம்பியில் ஏற்றுவார்கள், பந்தலில் படர விடுவார்கள். நம் பள்ளத்தாக்கில் அது மிளகு மணக்கும் மோயே மரத்தில்தான் ஏறும். ஆறு பெருகி வந்தாலும் பழம் உச்சியில் பத்திரமாக இருக்கும். உறைபனியும் அந்த உயரத்துக்கு எட்டிப் பார்ப்பதில்லை. இதெல்லாம் சரிதான். ஆனால் சுல்மாவின் அப்பாவுக்கு வாய்த்த நிலத்தில் கல் இருந்த அளவுக்கு மரம் இல்லை. சுவரை ஒட்டி அந்தப் பக்கத்தில் பெர்னார்தாவின் அப்பாவுடைய மோயே மரங்கள் வரிசையாக நின்றன. இரண்டு பேரும் ஒரு நாள் சிங்கானி சாராயம் குடித்துவிட்டு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வேர் இந்தப் பக்கம், மரம் அந்தப் பக்கம். ஆகஸ்ட் மாதத்தில் மரத்துக்காரர் ஏறிக் கிளை கழிப்பார், விறகு அவருக்கு. கொடிக்காரர் கவாத்து செய்வார், பழம் அவருக்கு. வருடத்துக்கு ஒரு ஜாடி ஒயின் சுவரைத் தாண்டிப் போகும். எழுத்தில் ஒன்றும் கிடையாது. போதையில் பேசியது அத்தனை வருடம் நின்றது என்பதே அதிசயம்.

அந்தப் பதினாலு கொடிகளும் விஷோக்கேன்யா என்கிற கறுத்த சிவப்புத் திராட்சை. உலகத்தில் வேறு எங்கும் விளையாத சாதி என்று நம் ஆட்கள் பீற்றிக்கொள்வார்கள். வேறு எங்கும் போய்ப் பார்த்தார்களா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். சுல்மா போய்ப் பார்த்தவள். தெற்கே எல்லை தாண்டி மெந்தோசாவில் ஆறேழு அறுவடைக்காலம் அடுத்தவன் தோட்டத்தில் பழம் பறித்து, அப்புறம் சாறு நொதிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து, கண்ணால் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். கணவனை அங்கேயே இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, கற்ற தொழிலை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். வந்த முதல் வருடம் அவள் வைத்த ஒயினை தாரிகா சந்தையில் டென்மார்க்கிலிருந்து வந்த யெஸ்பர் என்ற ஒல்லி மனிதன் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். மிளகு வாசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். மரத்திலிருந்து என்றாள். அவன் நம்பவில்லை, நேரில் வந்து மரத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினான். அடுத்த அறுவடையில் அறுநூறு பாட்டில் வாங்கிக்கொள்கிறேன் என்றான். அதற்குக் குறைந்தால் கப்பலில் ஏற்றிப் பயனில்லை என்றும் சொல்லிவிட்டான்.

சுல்மாவுடைய பக்கத்து மரங்களில் பத்துக் கொடிதான். அவை கொடுப்பது இருநூறு பாட்டிலைத் தாண்டாது. மிச்சமெல்லாம் பெர்னார்தாவின் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது போனால் யெஸ்பரும் போனான். யெஸ்பர் போனால் சுல்மா மறுபடி ஜனவரி மாதத்து மெந்தோசா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்க வேண்டியதுதான். அந்த பஸ்ஸில் இனி காலெடுத்து வைப்பதில்லை என்று அவள் சத்தியம் செய்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் பெர்னார்தாவின் வாசலுக்கே போனாள். பழத்தில் பாதி தருகிறேன் என்றாள். பெர்னார்தா தன் பன்றிகள் திராட்சை தின்னாது என்றாள். மரத்துக்கு வாடகை தருகிறேன் என்றாள் சுல்மா. தன் மரங்கள் விடுதி நடத்தவில்லை என்றாள் பெர்னார்தா. வேறென்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு வெயில் வேண்டும் என்று பதில் வந்தது. அதில் நியாயம் இருந்தது. நம் ஊர் கமார்கோவிலேயே பேர் போன பீச் பழம் பெர்னார்தாவின் தோட்டத்துப் பழம். ஆனால் சில வருடங்களாக மோயே நிழலில் அது கொட்டைப் பாக்கு மாதிரி காய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. போன வருடம் சந்தையில் ஒரு பெண் அந்தப் பழத்தைக் கையிலெடுத்து, இது பீச்சா பீச்சுக்குப் பிறந்த பிள்ளையா என்று கேட்டாளாம். அதற்கப்புறம்தான் க்ரோவருக்கு ஆள் அனுப்பினாள் பெர்னார்தா.

சுல்மா ஊர் அலுவலகத்தில் விசாரித்தாள். நிலம் யாருடையதோ மரம் அவருடையது என்று சொல்லி, அலுவலர் தன் காலை உணவைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்து தம்பி ரோமுலோவிடம் புலம்பினாள். ரோமுலோ லாரி ஓட்டுகிறவன். அவள் ஊரில் இல்லாத காலத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டவன். பார்த்துக்கொண்டான் என்றால் வருடத்துக்கு ஒரு முறை பார்த்தான். லாரிக்கு அடியில் படுத்திருந்தபடியே அவள் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"கூடையைப் பத்தி ஒண்ணும் கேக்கலியா அவ?" என்றான்.

"எந்தக் கூடை?"

லாரிக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. ரோமுலோ ஊர்ந்து வெளியே வந்து, அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தான். விளையாடுகிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"நிஜமாவே மறந்துட்டியாக்கா?"

பிறகு அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கார்னிவல் திருவிழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை கோமாத்ரேக்களின் நாள். ஒருத்தி பிரம்புக் கூடையில் கேக், பழம், காய், பாலாடைக்கட்டி, பூ எல்லாம் அடுக்கி, காகிதத் தோரணம் சுற்றி, தனக்குப் பிடித்த ஒருத்திக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வாங்கிக்கொண்டவள் அடுத்த வருடம் அதே நாளில் கூடையைத் திருப்பித் தர வேண்டும். தந்துவிட்டால் இருவரும் சாகும்வரை கோமாத்ரே; உடன்பிறந்தவளைவிட ஒரு படி மேல். பெர்னார்தா சுலபத்தில் யாருக்கும் கூடை கொடுக்கிறவள் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சுல்மாவுக்குக் கொடுத்தாள். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளைத் தேடி வந்து கொடுத்தாள். அடுத்த ஜனவரியில் சுல்மாவின் கணவன் ஒரே ராத்திரியில் முடிவெடுத்து அவளை மெந்தோசா பஸ்ஸில் ஏற்றிவிட்டான். கூடை அவள் நினைவில் எந்த மூலையிலும் இல்லை.

பெர்னார்தாவுக்கு அது தெரியாது. சுல்மா எங்கோ வெளியூர் போயிருக்கிறாள், வியாழக்கிழமைக்குள் வந்துவிடுவாள் என்று நினைத்தாளாம். கூடை கொண்டுவருகிறவளுக்குச் சாப்பாடு போட வேண்டுமே, கோழி அடித்துக் காரக்குழம்பு வைத்தாள். தொப்பியில் புது ரிப்பன் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பேண்டு வாத்தியம் தெருவைச் சுற்றி வந்தது, ஜோடி ஜோடியாகப் பெண்கள் ஆடிக்கொண்டு போனார்கள், வாத்தியக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இது போதாதா? மறுநாளே பாட்டுக் கட்டிவிட்டார்கள்.

கூடை போச்சு தெக்கே தெக்கே,
கோழி வெந்தது இங்கே இங்கே.

"இன்னும் பாடுறாங்க," என்றான் ரோமுலோ. "நீ வந்தப்புறம் உன் முன்னாடி பாடுறதில்ல, அவ்வளவுதான். வருஷா வருஷம் நான் ஒயின் ஜாடி கொண்டுபோய்க் குடுப்பேன்ல? அவ அதைப் பன்னிக்கு ஊத்துவா. பன்னி ரெண்டு நாள் எந்திரிக்காது."

ஒரு கூடைக்காகப் பதினாலு மரமா என்று சுல்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது கொஞ்ச நேரம்தான். பிறகு அந்த நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, ரிப்பன் கட்டிய தொப்பியோடு. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் மறக்கக்கூடியவள் இல்லை. மெந்தோசாவில் எந்தக் கம்பி வரிசையில் எத்தனை கொடி என்று இன்றைக்கும் சொல்வாள். இதைப் போய் மறந்தாள்.

இந்த வருடத்துக் கோமாத்ரேக்களின் நாளும் அதே வாரத்தில்தான். புதன்கிழமை முழுக்க அடுப்படியிலேயே கழிந்தது. கேக்கை இரண்டு தரம் சுட்டாள், முதலாவது உப்பவில்லை. பிரம்புக் கூடையில் சோளக்கதிர், தக்காளி, வெள்ளரி, பச்சை மிளகாய், பாலாடைக்கட்டி, நடுவில் கேக், ஓரத்தில் துளசிவாசம் அடிக்கும் இலைக்கொத்து. பதினோரு வருடத்துக்குப் பதினோரு கூடை வேண்டாமா, லாரியை எடுக்கட்டுமா என்று கேட்டு ரோமுலோ திட்டு வாங்கினான். அப்புறம் அவனே நல்ல யோசனை ஒன்றும் சொன்னான். பின்பக்கச் சுவரைத் தாண்டினால் இருபது அடி. ஊர் கண்ணில் படாமல் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

சுல்மா அதைக் கேட்கவில்லை. ஊர் பார்க்க உட்கார்ந்திருந்தவளுக்கு ஊர் பார்க்கத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. வியாழக்கிழமை மதியம், மடிப்புப் பாவாடை உடுத்தி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சதுக்கத்தின் நடுவே நடந்தாள். பேண்டு வாத்தியம் அங்கேதான் நின்றது, பெண்கள் எல்லாரும் அங்கேதான். முதலில் யாருக்கும் புரியவில்லை. அவள் எந்தத் தெருவில் திரும்புகிறாள் என்று பார்த்த பிறகு ஒருத்தி மெல்ல ஆரம்பித்தாள், கூடை போச்சு தெக்கே தெக்கே. அடுத்த அடிக்குள் சதுக்கமே பாடியது. சுல்மாவின் காது மடல் கொதித்தது. தலையில் கூடை இருந்ததால் குனியவும் வழியில்லை. அந்தப் பாட்டோடும் பின்னால் வந்த கூட்டத்தோடும் பெர்னார்தாவின் வாசலில் போய் நின்றாள்.

கதவு திறந்தது. பெர்னார்தா கூடையைப் பார்த்தாள், சுல்மாவைப் பார்த்தாள், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பாட்டு அடங்கியது. பெர்னார்தா கூடையை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. சுல்மாவின் கழுத்து நோக ஆரம்பித்த பிறகுதான் கை நீட்டினாள்.

"உள்ள வா. வாசல்ல நிக்க வெச்சேன்னு பேரு எனக்கு வேண்டாம்," என்றாள்.

இந்த முறை கோழி இல்லை. எதிர்பார்த்தால்தானே கோழி அடிக்க. அவித்த சோளமும் பொரித்த பாலாடைக்கட்டியும் வைத்தாள். சுல்மா தான் போனது எப்படி, மறந்தது எப்படி என்று மூச்சு விடாமல் சொன்னாள். மன்னித்துக்கொள்ளச் சொன்னாள். அழுகையும் வந்துவிட்டது. பெர்னார்தா சோளத்தை உதிர்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரி. கூடை வந்து சேந்துச்சு, வாங்கிக்கிட்டேன். மரம் அடுத்த வெள்ளிக்கிழமை விழும். அது வேற, இது வேற."

சுல்மா கையிலிருந்த சோளத்தைத் தட்டில் வைத்தாள். ஆனால் அவள் வாதாடவில்லை. கூடைக்குப் பதில் மரம் என்று பேரம் பேச வந்தவளாகத் தன்னை நினைத்துவிடக் கூடாதே என்று பயந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் கழுவப் போனாள். அங்கேதான் அந்த மரங்களை, ஊர் திரும்பிய பிறகு முதல்முறையாக, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

உச்சி வெயில் நேரம். மரத்தடியில் இருட்டு. பீச் மரங்கள் அந்த இருட்டில் ஒல்லி ஒல்லியாக, வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. தலையைத் தூக்கிப் பார்த்தால் வானம் தெரியவில்லை. கிளைமேல் கிளை, காய்ந்த கிளை, காயாத கிளை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. உள்ளே தொங்கிய குலைகளில் பாதி இன்னும் பச்சை. சுல்மா தன் பக்கத்திலிருந்து பார்த்தபோது வெளிப்பக்கத்துக் குலைகள் கறுத்திருந்ததை மட்டும் கண்டு சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மரம் வெட்டாமல் விட்டாலும் இதில் பாதி பழுக்காது.

"இதுல கிளை கழிச்சு எவ்வளவு நாளாச்சு, தோன்யா பெர்னார்தா?" என்று கேட்டாள்.

"பதினோரு வருஷம்."

"ஏன்?"

பெர்னார்தா அவளை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கூடையத் திருப்பித் தராதவளோட கொடிக்கு வெளிச்சம் விட நான் எதுக்கு மரம் ஏறணும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றது. பீச் மரத்தைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். கொடிக்கு விடாத வெளிச்சம் பீச்சுக்கும் போகவில்லை. பதினோரு வருடமாக அவள் சுல்மாவைப் பட்டினி போட்டதில் தன் பழத்தையும் சேர்த்துப் பட்டினி போட்டிருக்கிறாள். இதைப் போய் ஒரு மனுஷி தானாக ஒப்புக்கொள்வாளா? பெர்னார்தா ஒப்புக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள்.

"கூடைதான் வந்தாச்சே," என்றாள் சுல்மா, மிக மெதுவாக.

"எனக்கு அம்பத்தொம்பது வயசு. இந்த வயசுல ஏறச் சொல்றியா?"

"நான் ஏறுறேன். எந்தக் கிளைன்னு நீங்க கீழ நின்னு சொல்லுங்க."

"கம்பித் தோட்டத்துல குனிஞ்சே வேலை பாத்தவ. நீ ஏறி விழுந்தா அந்தப் பழியும் எனக்கா?" பெர்னார்தா அண்ணாந்து மரங்களை ஒரு முறை கண்ணால் அளந்தாள். பிறகு, அடுத்த வியாழக்கிழமைக்குள் கீழே தரையில் வெயில் விழுந்தால் பார்க்கலாம், விழாவிட்டால் க்ரோவர்தான் என்றாள்.

கார்னிவல் வந்தது. ஊரே தண்ணீரை ஊற்றிக்கொண்டும் குடித்துக்கொண்டும் தெருவில் கிடந்தது. இந்த இரண்டு பேர் மட்டும் மரத்தோடு மல்லுக்கட்டினார்கள். கொடி மொட்டையாக இருக்கும் ஆகஸ்டில் செய்கிற வேலையைப் பழம் தொங்கும் பிப்ரவரியில் செய்வதென்றால் சும்மாவா? ஒரு கிளை தவறி விழுந்தால் நாற்பது குலை போகும். ஒவ்வொரு கிளையையும் கயிறு கட்டி வெட்டி மெல்ல இறக்க வேண்டும். மோயே பால் கையெல்லாம் ஒட்டியது. மிளகு நெடியில் கண் எரிந்தது. சுல்மாவுக்கு முதல் நாள் தொடை நடுங்கியது, இரண்டாவது நாள் தோள் தூக்க வரவில்லை. கீழேயிருந்து பெர்னார்தா ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கிளை இல்லை, அதுக்கு மேல. மெந்தோசாவில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா. மரத்துக்கு முடி வெட்டச் சொன்னால் கழுத்தை வெட்டுகிறாயே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுல்மா நல்ல கிளை ஒன்றில் ரம்பத்தை வைத்துவிட்டாள். அதற்கு மேல் பெர்னார்தாவால் தாங்க முடியவில்லை. பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகினாள், செருப்பை உதறினாள், ஐம்பத்தொன்பது வயதும் கீழேயே நிற்க, மரத்தில் ஏறினாள். மேலே வந்து சுல்மாவின் கையிலிருந்து ரம்பத்தைப் பிடுங்கினாள். எந்தக் கிளையைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பதினோரு வருடத்தில் அந்தக் கை எதையும் மறக்கவில்லை. சுல்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கடைசி மரத்தை முடித்தார்கள். வியாழக்கிழமை மதியம் பீச் மரத்தடியில் தட்டு தட்டாக வெயில் கிடந்தது. பெர்னார்தா அதன் நடுவில் போய் நின்று கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டினாள். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். என்ன முடிவு என்று சுல்மா கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை க்ரோவர் வந்தான். நாலு நாள் குடியில் கண் சிவந்து, தன் ரம்பத்தின் சத்தம் தனக்கே தாங்காத நிலையில் வந்தான். சுல்மா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்னார்தா அவனைக் கீழே குவிந்து கிடந்த கிளைகளிடம் கூட்டிக்கொண்டு போய் விறகாக நறுக்கச் சொன்னாள். பிறகு ஆறாவது மரத்தைத் தட்டிக் காட்டினாள். அது உள்ளே உளுத்துப்போயிருந்தது. ஏறும்போதே இருவருக்கும் தெரிந்துவிட்டது. அது ஒன்று மட்டும் விழுந்தது, சுல்மாவின் கொடியையும் இழுத்துக்கொண்டு. அந்த ஒரு கொடிக்காக சுல்மா அன்றைக்கு அழுதாள். மிச்சம் பதின்மூன்று நின்றதற்காகவும் சேர்த்து அழுதாள்.

மார்ச் கடைசியில் பழம் பறித்தார்கள். ஏணி வைத்து, கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கி, மிதித்து, ஜாடியில் நொதிக்க விட்டு, செப்டம்பரில் பாட்டிலில் அடைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஐந்நூற்று எண்பத்தெட்டு. பன்னிரண்டு குறைந்தது, விழுந்த மரத்தின் பழம். யெஸ்பருக்குச் செய்தி அனுப்பிவிட்டு சுல்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது: அந்தப் பன்னிரண்டை நான் குடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன், அனுப்புங்கள்.

ஏற்றுமதிப் படிவத்தில்தான் கடைசி முட்டுக்கட்டை. கொடி எதில் படர்கிறது என்ற இடத்தில் கம்பி, பந்தல் என்று இரண்டே இரண்டு கட்டம் இருந்தது. சுல்மா ஓரத்தில் மரம் என்று எழுதினாள். யார் மரம் என்று அதிகாரி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி மரம் என்றதும் பேனாவை மூடிவிட்டார். எழுத்தில் சம்மதம் வேண்டுமாம். மறுநாள் பெர்னார்தா ரிப்பன் வைத்த தொப்பியோடு வந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கோமாத்ரே என்று எழுதிவிட்டுப் படிவத்தைத் தள்ளினாள். அதிகாரியும் நம் ஊர்க்காரர்தான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ரோமுலோவின் லாரி பெட்டிகளோடு மலையேறி அரிக்கா துறைமுகத்துக்குப் போனது. டிசம்பரில் யெஸ்பர் எழுதினான். ஒயின் எல்லாம் தீர்ந்துவிட்டது. அடுத்த வருடம் இரண்டு மடங்கு வேண்டும். பிப்ரவரியில் கோப்பன்ஹேகனில் பெரிய ஒயின் சந்தை, சுல்மா நேரில் வர வேண்டும், பயணச் செலவு அவனுடையது. சுல்மா கடிதத்தை வைத்துக்கொண்டு முற்றத்தில் தனியாக ஆடினாள். பிறகு நாள்காட்டியைப் பார்த்தாள். சந்தை தொடங்குவது கோமாத்ரேக்களின் வியாழக்கிழமை.

கூடை வருடா வருடம் மாறி மாறிப் போகும்; இந்த முறை புதுக் கூடை பெர்னார்தாவுடையது. ஏற்கனவே பிரம்பு வாங்கி ஊறப்போட்டுவிட்டாள் என்று ஊரில் பேச்சு. சுல்மா சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்து மூன்று வாரம் சொல்லவில்லை. போகாமலே இருந்துவிடலாமா என்றும் யோசித்தாள். கிளம்புகிற அன்று சொன்னால் போதும் என்றும் யோசித்தாள். ரோமுலோ இன்னொரு பதினோரு வருஷத்துக்கு அடிபோடுகிறாயா என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்கே சுவரருகே போனாள்.

பெர்னார்தா பீச் பறித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் கை நிறைந்த பழம். சுல்மா கடிதத்தில் இருந்ததைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள். போகலாமா என்று கேட்கவில்லை. போகிறேன் என்றுதான் சொன்னாள். பெர்னார்தாவின் கை நிற்காமல் பறித்துக்கொண்டிருந்தது. நாலு பழம், ஐந்து பழம். பிறகு கூடையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு இந்தச் சுவருகிட்ட வந்து இதே மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு கோழி பொழச்சிருக்கும்," என்றாள்.

சுல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் சேர்ந்து வரும் போலிருந்தது.

"நான் வர்ற வரைக்கும் கூடை..."

"கூடை எங்கடி போகப்போகுது? நீ வந்தப்புறம் வியாழக்கிழமைய வெச்சுக்குவோம். அந்த பேண்டுக்காரனுங்க வரமாட்டேன்னா நானே பாடுறேன்." பெர்னார்தா இரண்டு பழத்தைத் தேர்ந்தெடுத்து, பாவாடையில் துடைத்து, சுவருக்கு மேல் நீட்டினாள். "வழியில சாப்பிடு."

கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருந்தது. சுல்மா பழத்தை வாங்கிக்கொண்டாள். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் அதுவரை ஒத்திப்போட அவளுக்கு மனமில்லை.

"போயிட்டு வரேன், கோமாத்ரே," என்றாள்.

பெர்னார்தா தொப்பியைச் சரி செய்துகொண்டாள். அவள் முகம் கோணியது, பிறகு சரியானது.

"போயிட்டு வா," என்றாள்.